அப்பாவின் கணக்கு ஏன் பிழைத்தது?



இந்த இதழுக்குச் சுகாதாரம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் குழு கேட்டது. எங்களில் மூத்தவள் தாதி. உப்பைக் குறையுங்கள், நடவுங்கள், எண்ணெயைத் தவிருங்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் நாங்கள் மூன்று பிள்ளைகளும் இருந்து கதைத்தபோது, எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதவேண்டும் என்று முடிவெடுத்தோம். அப்பாவிடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்கோ. பெயரைப் போடாட்டிலும் எல்லாருக்கும் ஆளைத் தெரியும்தானே" என்று சிரித்தார்.

பொருளாளர்

அப்பா லண்டனுக்கு வந்து முதல் பல வருடங்கள் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். பிறகு ஒரு சிறிய கடை. கல்குலேட்டரைத் தொடமாட்டார். சாமான்களின் விலையை மனதிலேயே கூட்டிச் சொல்வார். மெஷின் காட்டுவதும் அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் சபை அவரைப் பொருளாளராக வைத்தது. 14 வருடங்கள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கையை எண்ணி, சிவப்பு மட்டைக் கொப்பியில் நீல மையால் எழுதினார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரியில், கிறிஸ்மஸ் காலக் கணக்கைப் பார்த்தபோது 340 பவுண் இடித்தது. கொப்பியில் இருந்த தொகை வங்கியில் இல்லை. அப்பாவை ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் தேத்தண்ணி குடிக்கும் இடத்துக்கு நாங்கள் போனதும் கதை நின்றது. அம்மா வீட்டுக்கு வந்து அழுதார். அப்பா அடுத்த கிழமையே பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினார்.

நிர்வாகக் குழுவில் இருவர் இரண்டு இரவுகள் இருந்து கொப்பியை வரிவரியாகப் பார்த்தார்கள். 250 பவுண் இருந்த ஒரு உறை இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. 10 என்று எழுதவேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. அவ்வளவுதான். ஒரு சதமும் குறையவில்லை. அதைக் கேட்டபோது எங்களுக்கு வந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் நின்றது. விலையை மனதில் கூட்டுகிற மனிதர் பத்தை நூறாக எழுதியது ஏன்?

அதன் பிறகுதான் பின்னோக்கிப் பார்த்தோம். வழக்கமாகப் போகும் ரவுண்டபவுட்டில் எந்தப் பாதையில் வெளியேறுவது என்று தயங்கியிருக்கிறார். ஒரு படிவம் நிரப்ப அரை நாள் எடுத்திருக்கிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் எரிச்சல்பட்டு எழுந்து போயிருக்கிறார். பெயர்களும் பிறந்தநாட்களும் ஊர்க் கதைகளும் அப்படியே நினைவில் இருந்தபடியால் நாங்கள் இதை மறதி என்று எண்ணவில்லை. வயது போகிறது, களைப்பு என்று விட்டுவிட்டோம்.

ஜீ.பி.யிடம் போனோம். இரத்தப் பரிசோதனை, பிறகு நினைவாற்றல் கிளினிக், பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கான். மூளையின் உட்பகுதியில் வெள்ளைப் புள்ளிகளும் திட்டுகளும் நிறைய இருந்தன. எங்கள் ஒருவருக்கும் தெரியாமல் வந்து போன இரண்டு சிறிய பாரிசவாதங்களின் தழும்பும் இருந்தது. வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "இவருக்கு எவ்வளவு காலமாகப் பிரஷர்?" அன்று அப்பாவின் இரத்த அழுத்தம் 172/98.

எங்களில் ஒருத்தி தாதியாகி அப்போது 11 வருடங்கள். ஒரு நாளில் இருபது முப்பது அந்நியர்களின் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்திருக்கிறோம். அப்பாவின் கையில் ஒரு நாளும் கட்டவில்லை.

மேசை லாச்சியில் இருந்தவை

அன்று இரவு அம்மா லாச்சியைத் திறந்து காட்டினார். ஒரு குளிசைப் பெட்டி. 51 வயதில் வைத்தியர் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு குளிசைகள்தான் குறைந்திருந்தன. அதோடு, பரிசோதனைக்கு வரச்சொல்லி வந்த கடிதங்கள், சில உறை பிரிக்காமலே. வங்கிக் கடிதம் வந்தால் எங்களிடம் தந்து வாசிக்கச் சொல்வார். சுகாதாரக் கடிதங்களைத் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். "அது போட்டா ஒரே இருமல். இரவு கடையில நிக்கேலாது. எனக்கென்ன, நான் சுகமாத்தானே இருந்தனான்" என்றார்.

இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இருமல் உண்மையானது. ராமிப்ரில் போன்ற ஒரு வகைக் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தைக் கொடுக்கும். இரண்டுக்கும் மாற்று மருந்துகள் உண்டு. வைத்தியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு குளிசை தந்திருப்பார்கள். சொல்லாமல் நிறுத்தியதால் 17 வருடங்கள் அழுத்தம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

"சுகமாத்தானே இருந்தனான்" என்பதும் உண்மைதான். பிரஷர் கூடினால் தலை இடிக்கும், தலை சுற்றும், மூக்கால் இரத்தம் வரும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அளந்தால் மட்டுமே தெரியும்.

அழுத்தத்தை அளந்த போதகர்

அளக்கலாம் என்று உலகுக்கு முதலில் காட்டியவர் ஒரு போதகர் என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் 1709 முதல் 1761-இல் இறக்கும்வரை, தென்மேற்கு லண்டனில் உள்ள டெடிங்டன் ஊரின் பரிசுத்த மரியாள் ஆலயத்தில் ஊழியம் செய்தார். நியூ மோல்டனில் இருந்து அது சில மைல்தான். ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் 8 அடிக்கும் மேலே ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கியது. 1733-இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அவரை அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இன்று பட்டையைக் கட்டினால் இரண்டு எண்கள் வருகின்றன. மேல் எண், இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், அடுத்த துடிப்புக்கு முன் அது ஓய்ந்திருக்கும்போது உள்ளது. இந்த நாட்டில் கிளினிக்கில் 140/90 அல்லது அதற்கு மேல், வீட்டில் அளந்து எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம்.

இருதயத்தின் வேலை, மூளையின் பசி

மனித மூளை உடல் எடையில் சுமார் 2 வீதம்தான். ஆனால் உடல் பாவிக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும்போதே இருதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் மூளையின் பங்கு ஒரு கணமும் தவறக்கூடாது. மூளையிடம் சேமிப்பு இல்லை.

அந்த இரத்தம் பெரிய குழாயில் வந்து, கிளை பிரிந்து, கடைசியில் மயிரிலும் மெல்லிய குழாய்களால் மூளையின் உள்ளே இறங்குகிறது. வருடக்கணக்காக அழுத்தம் கூடியிருந்தால் இந்தச் சிறு குழாய்களின் சுவர் தடித்து, விறைத்து, உள்ளே வழி ஒடுங்குகிறது. சில இடங்களில் முற்றாக அடைபடுகிறது. முதலில் பசியில் வாடுவது மூளையின் உள்ளே உள்ள வெள்ளை நரம்பிழைகள். மூளையின் ஒரு பகுதி மற்றப் பகுதியோடு கதைப்பது இந்த இழைகளால்தான். நாங்கள் ஸ்கானில் பார்த்த வெள்ளைத் திட்டுகள் அங்கேதான் இருந்தன.

இழைகள் பழுதானால், சேர்த்து வைத்த நினைவுகள் உடனே போவதில்லை. யோசிக்கும் வேகம் குறைகிறது. திட்டமிடுவது, இரண்டு வேலைகளை ஒன்றாகக் கவனிப்பது, வரிசையாகக் கணக்குப் போடுவது கடினமாகிறது. அல்ஸைமர் நோயில் அனேகமாக அண்மைக்கால மறதிதான் முதலில் தெரியும். இரத்தக் குழாயால் வரும் பாதிப்பில் பெயர் நினைவிருக்கும், கணக்குப் பிழைக்கும். அப்பாவுக்கு நடந்தது இதுதான். பலருக்கு இரண்டும் கலந்தே வருகிறது.

இருதயத்தின் தாளமும் முக்கியம். துடிப்பு ஒழுங்கில்லாமல் குழம்பி அடிக்கும் ஒரு நிலை உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்வார்கள். அதில் இருதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைக்கலாம். இந்த நிலை இருப்பவர்களுக்குப் பாரிசவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. உயர் அழுத்தம் இதற்கும் ஒரு காரணம். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். துடிப்பு மணிக்கூடு போல் வராமல் தாறுமாறாக வந்தால் ஜீ.பி.யிடம் சொல்லுங்கள்.

ஏன் வாலிபர் இதழில்?

முதியோர் கூட்டத்தில் சொல்லவேண்டியதை வாலிபர் இதழில் ஏன் எழுதுகிறோம்? லண்டன் அரசாங்க ஊழியர்களை 1985-இல் இருந்து பின்தொடர்ந்து வரும் வைட்ஹோல் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. அதில் 8,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். 50 வயதில் மேல் எண் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் ஆபத்து கூடியிருந்தது. 60, 70 வயதில் அளந்த எண்ணோடு அப்படித் தொடர்பு தெரியவில்லை. அதாவது, எழுபதில் வரும் பாதிப்புக்கான காலம் ஐம்பதிலேயே தொடங்கிவிடுகிறது. இதை வாசிக்கும் உங்களில் பலரின் அப்பா அம்மா இப்போது அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

அழுத்தத்தைக் குறைத்தால் பலன் உண்டா? அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,000-க்கும் அதிகமானோரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் மேல் எண்ணை 140-க்குக் கீழும், மற்றதை 120-க்குக் கீழும் வைத்திருக்க முயன்றார்கள். 2019-இல் வந்த முடிவில், கூடுதலாகக் குறைத்த குழுவில், டிமென்ஷியாவுக்கு முந்திய படியான லேசான அறிவாற்றல் குறைவு சுமார் 19 வீதம் குறைந்திருந்தது. டிமென்ஷியாவும் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. 120 எல்லோருக்கும் ஏற்ற இலக்கும் அல்ல. வயதானவர்களுக்கு அதிகமாகக் குறைந்தால் எழும்பும்போது தலை சுற்றி விழலாம். உங்கள் வீட்டாருக்கு எந்த எண் என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

2024-இல் லான்செட் ஆணையம், எங்களால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. நடுவயதில் உயர் இரத்த அழுத்தம், கூடாத கொலஸ்ட்ரோல், நீரிழிவு, புகைத்தல், உடலசைவு இல்லாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இருதயத்துக்குக் கெடுதி செய்யும் அதே காரணிகள்தான் இவை. நீரிழிவும் இருதய நோயும் எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு இந்த நாட்டில் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகின்றன.

வீட்டில் அளப்பது எப்படி?

மேற்கையில் கட்டும் மெஷின் ஒன்று வாங்குங்கள். பட்டை கையின் அளவுக்குப் பொருந்தவேண்டும். சிறிய பட்டை பொய்யாகக் கூடக் காட்டும். அளக்க முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். கையை இருதய உயரத்தில் மேசையில் வைக்கவேண்டும். அளக்கும்போது கதைக்கக்கூடாது, எங்கள் அம்மாமாருக்கு இதுதான் மிகக் கடினம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், காலையும் மாலையும், ஏழு நாட்கள் அளந்து எழுதி ஜீ.பி.க்குக் கொடுங்கள்.

மெஷின் இல்லையா? இங்கிலாந்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பல பார்மசிகளில் இலவசமாகப் பார்ப்பார்கள். 40 முதல் 74 வரையுள்ளவர்களுக்கு, ஏற்கெனவே சில நோய்கள் இல்லாவிட்டால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்.எச்.எஸ். சுகாதாரப் பரிசோதனை உண்டு. அதற்கு அழைக்கும் கடிதம்தான் எங்கள் வீட்டு லாச்சியில் கிடந்தது.

சாப்பாட்டில் உப்பு ஒரு நாளைக்கு 6 கிராமுக்கு மேல் வேண்டாம். அது ஒரு தேக்கரண்டி அளவு. கறிக்குப் போடும் உப்பு மட்டுமல்ல, கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், மிக்ஸர், சூப் கட்டி, கடைப் பாண் எல்லாவற்றிலும் உள்ளது சேர்த்துத்தான். கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தால் போதும். ஒரு நாளைக்கு 30 நிமிடமாக ஐந்து நாள்.

குளிசையைத் தானாக நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று எங்கள் மத்தியில் சிலர் எண்ணுகிறார்கள். கண்ணாடி போட்டு வேதாகமம் வாசிப்பதை ஒருவரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். ஜெபியுங்கள், குளிசையையும் போடுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையை உயர்த்த முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம். படுத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் அப்பா அம்மாவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்? எண் என்ன? தந்த குளிசையைப் போடுகிறீர்களா, போடாவிட்டால் ஏன்? மூன்றாவது கேள்வியைத் திட்டாமல் கேளுங்கள். இருமலோ, கால் வீக்கமோ, பயமோ, ஆங்கிலத்தில் சொல்லக் கூச்சமோ இருக்கலாம். ஜீ.பி.யிடம் கூடவே போங்கள். வரும் கடிதங்களை உறை பிரித்து வாசித்துச் சொல்லுங்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது என்று ஞாயிறு பாடசாலையில் படித்தோமே, எங்களுக்கு இந்த நாட்டில் அது அனேகமாக ஒரு கடித உறையைப் பிரிப்பதில்தான் தொடங்குகிறது.

பெரியவர் ஒருவர் கணக்கிலோ வேலையிலோ வழக்கமில்லாத பிழை விட்டால், அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க முன் அவருடைய உடல்நலத்தைக் கேளுங்கள். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எங்களுக்கே தெரியவில்லை, மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பாவுக்கு இப்போது 71 வயது. வேறு குளிசை போடுகிறார், இருமல் இல்லை. கடந்த ஒரு வருடமாக மேல் எண் 130 அளவில் நிற்கிறது. பழுதான இழைகள் திரும்பி வராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மேலும் பழுதாகாமல் காப்பதுதான் இனி வேலை. கார் ஓட்டுவதில்லை. மனதில் விலை கூட்டுவதும் இல்லை.

காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதுவது அவருடைய பொறுப்பு. பழைய சிவப்பு மட்டைக் கொப்பிகளில் எழுதாத ஒன்று மிச்சம் இருந்தது. அதில் நீல மையால் திகதி, மேல் எண், கீழ் எண் என்று மூன்று நிரல் அடித்து வைத்திருக்கிறார். எழுதி முடித்ததும் கொப்பியைத் தம்பியிடம் நீட்டுகிறார். "சரியோ எண்டு ஒருக்காப் பார்" என்கிறார். தம்பி மெஷினையும் கொப்பியையும் பார்த்துவிட்டு, "சரி அப்பா" என்கிறான்.